இரண்டு விமானங்களுக்கு நடுவில் ஒரு பகல்

வான்கூவர்
மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

வென்யா எழுதுவது. புத்தாண்டு அட்டை அனுப்பிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் இன்னொரு கடிதமா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஜூன் மாதம் நான் பிலிப்பைன்ஸில் உள்ள செபுவுக்குப் போகிறேன். தாவோயுவானில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். டிக்கெட் போடுகிற பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே, "இறங்கின கையோட அடுத்த ஃப்ளைட் இருக்கு. அதையே போட்டுடவா?" என்று கேட்டாள். தைவான் மண்ணில் இறங்கி, கண்ணாடி வழியாக மழையை மட்டும் பார்த்துவிட்டு ஏறிப் போக என்னால் முடியாது. விடிகாலையில் இறங்கி மறுநாள் காலையில் கிளம்புகிற மாதிரி போடச் சொல்லிவிட்டேன்.

ஆக, நடுவில் ஒரு முழுப் பகல் எனக்குக் கிடைக்கிறது. அதை உங்களோடு கழிக்க ஆசை.

யூஹான் இறந்து, நான் மூட்டை கட்டிக்கொண்டு இந்த ஊருக்குக் கிளம்பியபோது, வழியனுப்ப வந்தவர் நீங்கள் ஒருவர்தான். அன்றைக்கு விமான நிலையத்தில் நாம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நீங்கள் என் பெட்டியின் பூட்டையே இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு நான் ஒருமுறைகூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீங்களும் கேட்டதில்லை.

நீங்கள் விமான நிலையத்துக்கு வந்தால் போதும். கீழ்த்தளத்தில் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடை இருக்கிறது, நாள் முழுக்க உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்.

செபுவுக்கு எதற்காகப் போகிறேன் என்பதை நேரில் சொல்கிறேன். யூஹானின் நீலக் காரை விற்றுவிட்டீர்களா?

உங்கள் மருமகள்,
வென்யா


பாதோவ்ஸு, கீலுங்
மார்ச் 17

வென்யா,

கடிதம் வந்தது. போனில் கேட்டிருக்கலாமே என்று அடுத்த வீட்டு ஆகிம் சொன்னாள். போனில் நீ பேசினால் கூடைக்குள் நண்டு நடக்கிற சத்தம்தான் எனக்குக் கேட்கிறது. படகு எஞ்சினுக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுசு போனால் காது இப்படித்தான் ஆகும். போன் திரையில் எழுதி அனுப்பினால் ஆகிம் போனை வாங்கித் தெருவுக்கே கேட்கிற மாதிரி படிக்கிறாள். ஆகவே காகிதத்திலேயே எழுது.

விமான நிலையத்தில் நாள் முழுக்க உட்கார நான் என்ன பெட்டியா? அங்கே நூடுல்ஸ் கிண்ணத்தில் மாடு இருக்காது, மாட்டின் படம்தான் இருக்கும். அதெல்லாம் வேண்டாம். நான் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். கடலோரமாகவே வடக்கைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாயங்காலம் நெடுஞ்சாலை வழியாக உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். இந்த வீட்டில் இருந்தவரைக்கும் உனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை ஒன்றுதான் தெரியும். எங்கள் கடற்கரையை நீ பார்த்ததே இல்லை. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது.

வழியை யோசித்து வைத்துவிட்டேன். விமான நிலையத்தை விட்டதும் காற்றாலைகள் நிற்கிற கரை. அங்கே நிறுத்திக் காலை நீட்டலாம். பிறகு தான்ஷுயி ஆற்று முகத்துவாரம். அங்கே கூட்டம் சேருவதற்குள் கிளம்பிவிட வேண்டும். வெள்ளை மணல் கரை. ஷிமெனில் மூங்கில் இலையில் கட்டிய பன்றிக்கறிச் சோறு, ரெண்டு போதும், வயிற்றில் இடம் விட்டு வை. கலங்கரை விளக்கு. அலை அரித்த, பாசி படிந்த பச்சைப் பாறைகள், ஆனால் ஜூனில் பாசி இருக்காது, வெறும் பாறைதான். பரவாயில்லை, பாறையும் பார்க்க வேண்டியதுதான். ஜின்ஷானில் கோயில் வாசலில் வாத்துக்கறி. அது முடிந்ததும் மலைப்பக்கம் திரும்பாமல் கடலோரமாகவே வான்லி, அப்புறம் வீடு. வீட்டில் ஆகிம் மீன் உருண்டை சூப் வைத்திருப்பாள். வேண்டாம் என்றாலும் வைப்பாள்.

காரை விற்கவில்லை. பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஆகிமுக்கு மீன் பெட்டி ஏற்றி இறக்குகிறேன். வாடை இருக்கும். முன்னால் ரெண்டு பேர் உட்காரலாம், நமக்கு அது போதும்.

அடுத்த மாதம் கல்லறை துடைக்கிற நாளில் யூஹானிடம் நீ வருவதைச் சொல்கிறேன்.

செபுவில் அப்படி என்ன வேலை? அங்கேயும் கடல்தானே இருக்கிறது? நேரில் சொல்கிறேன் என்று எழுதினால் எனக்குத் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியும்.

அப்பா


வான்கூவர்
மார்ச் 31

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சிரித்தேன், அப்புறம் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. நீங்கள் சாலையெல்லாம் யோசித்து வைத்திருக்கும்போது, எதற்காக வருகிறேன் என்பதை மறைத்துவைத்து உங்கள் பக்கத்து சீட்டில் வந்து உட்காருவது சரியில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாணம். செபுவில் ஜூன் மாதம் நடக்கிறது.

அவர் பெயர் ரமோன். நான் வேலை செய்கிற மருந்துக் கடைக்கு எதிரில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறார். செபு அவருடைய சொந்த ஊர். அவருடைய அம்மாவால் விமானம் ஏற முடியாது, அதனால் நாங்கள் அங்கே போகிறோம். அதே விமானத்தில் அவரும் வருகிறார். ஆனால் நீங்கள் அவரைப் பார்க்க வேண்டியதில்லை. விமான நிலையத்து ஓட்டலில் அறை எடுத்திருக்கிறோம், அன்று முழுவதும் அவர் அங்கேயே இருப்பார்.

மேலே உங்களை எப்படி அழைத்திருக்கிறேன் என்று பார்த்திருப்பீர்கள். ஜூனுக்குப் பிறகு நான் உங்கள் மருமகள் இல்லை. யாராவது சொல்லி நிறுத்துவதைவிட நானாக நிறுத்திக்கொள்வது மரியாதை என்று தோன்றியது. எழுதும்போது கை ஓடவில்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வழியில் ஒன்று கேட்க வேண்டும். ஜின்ஷான் வரைக்கும் வந்துவிட்டு, மலைப்பக்கம் திரும்ப வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யூஹானின் அஸ்தி அந்த மலைமேல் இருக்கிற அஸ்தி மண்டபத்தில்தானே இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் வந்து அவரைப் பார்க்காமல் போவதா? என்னை அங்கே கூட்டிப்போக உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் அதையும் புரிந்துகொள்கிறேன். இத்தனை வருடம் வராதவளுக்கு அந்தக் கதவு திறக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

நிறுத்தங்கள் அதிகம். பாறைகளை விட்டுவிடலாம்.

பணிவுடன்,
லியாவ் வென்யா


வான்கூவர்
மே 6

எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் அப்படியே எழுதுகிறேன்.

உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் கடை வாசலுக்கு வந்துவிடுகிறேன். ரமோன் எதிர்க் கடையிலிருந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, வந்ததா என்று கேட்பார். நானும் தலையை ஆட்டி இல்லை என்பேன். நாற்காலியில் முடி வெட்டிக்கொள்கிற ஆள் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

கல்யாணச் செய்தி உங்களைக் காயப்படுத்தியிருந்தால் அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. காயப்பட உங்களுக்கு உரிமை உண்டு. ஒன்று மட்டும். என் சொந்த அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே வேறு குடும்பத்தோடு போய்விட்டார். அப்பா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஒருவர் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கிடைத்தார். அவரை ஒரு கடிதத்தில் தொலைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

நீங்கள் வராவிட்டாலும் நான் அன்றைக்கு வருகைக் கூடத்தில் இருப்பேன். அந்த நூடுல்ஸ் கடைக்கு எதிர் நாற்காலியில்.

கோபமாக இருந்தால் கோபம் என்று ஒரு வரி போடுங்கள். உடம்பு சரியில்லை என்றால் ஆகிம் அக்காவிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பதிலே இல்லாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

வென்யா


பாதோவ்ஸு
மே 15

வென்யா,

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோபம்தான். ஒரு வரி போடச் சொன்னாய், நிறைய வரி போடுகிறேன்.

உன் முந்தைய கடிதத்தைப் பிரித்தேன். முதல் வரியைப் பார்த்தேன். ஐயாவாம். மதிப்பிற்குரியவராம். கரண்ட் பில் கட்டாதவனுக்கு ஆபீஸிலிருந்து வருகிற கடிதம்தான் அப்படித் தொடங்கும். மடித்து உறைக்குள் போட்டு, உறையைக் குளிர்பெட்டி மேலே வீசிவிட்டேன். அதற்கு மேல் ஒரு எழுத்துக்கூடப் படிக்கவில்லை. யூஹான் படுத்திருந்த அந்த மாதங்களில், ராத்திரி நீ, பகல் நான் என்று ஒரே மடக்குக் கட்டிலில் மாறி மாறிப் படுத்தோமே, அந்தக் கட்டில் ஐயாவுக்குப் போட்டதா? உன் தலையணைச் சூடு ஆறுவதற்குள் நான் படுத்திருக்கிறேன். எனக்கு நீ வைக்கிற பெயர் ஐயாவா?

இப்போது ரெண்டாவது கடிதம் வந்தது. மீன் உருண்டை வாங்கப் போன இடத்தில் ஆகிம் கடையிலேயே பிரித்துப் படித்தேன். கல்யாணச் செய்தி என்று எழுதியிருக்கிறாய். யாருக்குக் கல்யாணம் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பழைய உறையை எடுத்தேன். பின்னாலேயே ஆகிம் கரண்டியோடு வந்துவிட்டாள். ஸ்டூல் மேல் நின்றபடியே படித்தேன். இறங்கவே தோன்றவில்லை.

பொய் சொல்ல மாட்டேன். முதலில் சந்தோஷம் வரவில்லை. துறைமுகத்துப் பக்கம் போய் நின்றேன். கணவாய்ப் படகுகளுக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகன் இருந்த இடத்தில் வேறொருவன் வந்து உட்காருகிறான் என்றுதான் மனசு திரும்பத் திரும்பச் சொன்னது. அது அசிங்கமான நினைப்பு என்று தெரிகிறது. தெரிந்தாலும் வந்தது.

திரும்பி வந்து ஆகிம் கடையில் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அவளுக்கு இன்னும் நாப்பது வயசுகூட ஆகலண்ணே. ஆயுசு பூரா உங்க பையன் போட்டோவப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? உங்களால முடியுதுன்னா அது உங்க தலையெழுத்து. அவ ஏன் உக்காரணும்?"

சூப்பில் மிளகு அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

ரெண்டு நாள் கழித்து இதை எழுதுகிறேன். நீ கல்யாணம் செய்துகொள். சாப்பிடு, தூங்கு, சிரி. அதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் அந்த ஆளை நான் பார்க்கவில்லை. அவன் ஓட்டலிலேயே இருக்கட்டும். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை, இந்த வயதில் புதிதாக வளரவும் வளராது. மன்னித்துக்கொள்.

மலை விஷயம். உன்னை அங்கே கூட்டிப்போக இஷ்டமில்லை என்று நினைத்தாயா? முதலில் வேண்டாம் என்று எழுதியதற்குக் காரணம், இருப்பதே ஒரு பகல், அதில் நீ அழ வேண்டாம் என்றுதான். இப்போது வேறு காரணமும் சேர்ந்துவிட்டது. கல்யாணம் ஆகப்போகிற பெண் இறந்தவர்கள் இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று நீ சிரிப்பாய். என் விஷயத்தில் நம்ப மாட்டேன். உன் விஷயத்தில் நம்புவேன். ஒருமுறை பட்டது போதும். இதில் என்னோடு வாதாடாதே.

பாறைகளை விட முடியாது.

அப்பா
(கீழே இருக்கிற கையெழுத்தை ஒழுங்காகப் படித்துக்கொள்.)


வான்கூவர்
மே 25

அன்புள்ள அப்பா,

படித்தேன். கடையில் அழுதுவிட்டேன். இருமல் மருந்து வாங்க வந்த பாட்டி, மருந்தை வாங்காமல் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் எழுதியதை ரமோனிடம் அப்படியே சொன்னேன், அந்த அசிங்கமான நினைப்பு உட்பட. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் மறைக்கவில்லை, நான் ஏன் மறைக்க வேண்டும்? அவர் சீப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "அவர் எடத்துல இருந்தா நானும் அப்படித்தான் நினைப்பேன். நான் ரூம்லயே தூங்கிக்கிறேன், நீ போய்ட்டு வா. அவருக்கு ஒரு பகல் முழுசா கெடைக்கட்டும்" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. முடி வெட்டுகிறவர்கள் வாயாடிகள் என்று சொல்வார்கள், இவர் கடைக்கு வருகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கத்தான் வருகிறார்கள்.

ஆக, அவர் ஓட்டலில். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உங்கள்மேல் இல்லை.

மலையைப் பற்றி வாதாட வேண்டாம் என்றீர்கள். வாதாடவில்லை, பேரம் பேசுகிறேன். நான் மேலே ஏறவில்லை. கட்டடத்துக்குள் வரவில்லை. கீழே சாலையில் காரை நிறுத்துங்கள், அது போதும். கண்ணாடியை இறக்கி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். காரைவிட்டு இறங்காத பெண்ணை எந்தக் கெட்டதும் தொடாது. சாமிகளுக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

நீங்கள் நாள் முழுக்க ஓட்டக் கூடாது. வீட்டிலிருந்து திரும்பும்போது நான் ஓட்டுகிறேன். பாறைகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் என்று எழுதிப் பார்த்தேன். கையில் நன்றாக வருகிறது.

வென்யா


பாதோவ்ஸு
ஜூன் 5

வென்யா,

இது போய்ச் சேருமோ என்னவோ. சுருக்கமாக எழுதுகிறேன்.

மழை விடவில்லை. ஷிமெனுக்கு முன்னால் சாலையில் மண் சரிந்து ஒரு பக்கம் மூடியிருக்கிறார்கள். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். கலங்கரை விளக்கை விட்டுவிடலாம். மேகத்துக்குள் விளக்கைப் பார்க்கப் போய் நாமும் நனைவானேன்.

உன் பேரத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். கீழே நிறுத்துகிறேன். கதவைத் திறக்கக் கூடாது.

காரைக் கழுவினேன். வாடை போகவில்லை. பின் சீட்டு கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது, அதை எடுத்துத் திரும்பப் பொருத்திவிட்டேன். பெட்டி எதையாவது வைக்க உதவும். பெட்டியைத் தரையிலேயே வைக்கலாமே என்று ஆகிம் கேட்டாள். அவளுக்கு எல்லாவற்றிலும் கேள்வி.

அந்த ஆள் உயரமா, குட்டையா? மீனில் முள் எடுக்கத் தெரியுமா? வாத்துக்கறி சாப்பிடுவானா? சும்மா கேட்டேன். பதில் எழுத நேரம் இருக்காது என்று தெரியும்.

மழைக்கோட்டு கொண்டுவர வேண்டாம். இங்கே இருக்கிறது.

அப்பா


செபு
ஜூன் 24

அன்புள்ள அப்பா,

முந்தாநாள் கல்யாணம் முடிந்தது. ரமோனின் அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாரையும் அதட்டி வேலை வாங்கினார். வீடு அடங்கியதும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். உங்களோடு கழித்த பகலைப் பற்றி உங்களுக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் சிலதை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

வருகைக் கூடத்தின் கதவு திறந்ததும் முதலில் உங்கள் கையைத்தான் பார்த்தேன். மூன்று மழைக்கோட்டு. இரண்டு பழசு. மூன்றாவது மடிப்புக் கலையாத புதுசு, விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. நீங்கள் என்னிடம் வந்து, "மெலிஞ்சிட்ட" என்று மட்டும் சொன்னீர்கள். ரமோன் உங்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, ஏற்கனவே பேசி வைத்திருந்தபடி ஓட்டல் வண்டி நிற்கிற பக்கம் நடந்துவிட்டார். பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நீங்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். அவர் வரிசையில் போய் நின்றார். வண்டியும் வந்தது. அப்புறம்தான் நீங்கள் அந்த நடை நடந்தீர்கள், படகு மேல்தளத்தில் நடக்கிற மாதிரி காலை அகட்டி. நேராகப் போய் அவர் கையிலிருந்து பையைப் பிடுங்கினீர்கள். அவர் உங்களைத் திருடன் என்று நினைத்துவிட்டாராம். "ஏறப்பா, மழை வருது" என்று அதட்டினீர்கள். அவருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் பின்னாலேயே வந்தார்.

அதற்குப் பிறகு உங்கள் திட்டத்தில் பாதி நடக்கவில்லை. காற்றாலைக் கரையில் மழை கண்ணை மறைத்தது. மண் சரிந்த இடத்தில் வெகுநேரம் நின்றோம். அந்த வளைவுகளில் ரமோனுக்குத் தலை சுற்றி, நீங்கள் வாங்கிவந்த பன்றிக்கறிச் சோற்றை இலையோடு மடியில் வைத்துக்கொண்டு பச்சை முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நீங்கள் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்: "பச்சைப் பாறை பாக்க முடியலன்னு வருத்தப்பட்டேன். பின்னாலயே ஒண்ணு இருக்கு." நான் சிரித்தேன். அவர் என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்ததும் அவரும் சிரித்தார், அதில் இன்னும் குமட்டியது.

ஜின்ஷான் மலையடியில் நிறுத்தினீர்கள். சொன்னபடி நான் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடியை இறக்கினேன். மேலே அந்தக் கட்டடம் மேகத்துக்குள் இருந்தது, படிகள் மட்டும் தெரிந்தன. நீங்கள் இறங்கிப் போய், பின் கதவைத் திறந்து, ரமோனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தீர்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் போங்கள் என்று தலையசைத்தேன். இரண்டு பேரும் ஒரே குடையில் படியேறிப் போனீர்கள்.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அழுதேன், ஆனால் நீங்கள் பயந்த அழுகை இல்லை. யூஹானிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அந்தக் கண்ணாடி இடுக்கு வழியாகச் சொல்லி முடித்தேன். நீங்கள் வர இன்னும் நேரம் ஆனது. இறங்கி வந்தபோது ரமோனின் சட்டை ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது. உங்கள் கண் சிவந்திருந்தது. இரண்டு பேரும் நேராக வாத்துக்கறிக் கடைக்குப் போய், நான் பார்க்கப் பார்க்க ஒரு முழுத் தட்டைக் காலி செய்தீர்கள்.

வீட்டில் நான் கொஞ்சம் தலை சாய்த்தேன். விழித்து வந்தால் முற்றத்தில் நீங்கள் ஸ்டூலில், கழுத்தைச் சுற்றித் துண்டு, ரமோன் ஆகிம் அக்காவின் மீன் வெட்டும் கத்தரியால் உங்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்தே உங்கள் காதோரத்தைப் பார்த்து அவர் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அக்கா சுற்றிச் சுற்றி வந்து, "அந்தப் பக்கம் ஏத்தமா இருக்கு, இந்தப் பக்கம் எறக்கமா இருக்கு" என்று அவருக்குப் புரியாத மொழியில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். உங்களை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை.

ஒன்று கேட்க வேண்டும். மலைமேல் என்ன நடந்தது? ரமோனிடம் கேட்டால், "அப்பா பேசினார், நான் நின்னேன்" என்கிறார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். நீங்கள் அங்கே அவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள்?

உங்கள் மகள்,
வென்யா


பாதோவ்ஸு
ஜூலை 9

வென்யாவுக்கு,

வான்கூவர் முகவரிக்கே அனுப்புகிறேன், அங்கே வந்து சேர்ந்திருப்பீர்கள். நீ அனுப்பிய கல்யாணப் படத்தை ஆகிம் கடையில் மாட்டிவிட்டாள். நான் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டு போனாள்.

என் தலையைப் பார்த்துவிட்டு மீன் சந்தையில் ரெண்டு பேர் யார் வெட்டினது என்று கேட்டார்கள். வெளிநாட்டு ஆள் என்றேன். நம்பவில்லை.

மேலே என்ன பேசினேன் என்று கேட்டாய். சொல்கிறேன்.

கூட்டிப்போக வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. காரிலிருந்து இறங்கும்வரை எனக்கே தெரியாது. நீ கண்ணாடியை இறக்கி மேலே பார்த்தாய். உன்னால் ஏற முடியாது, நான் மட்டும் ஏறிப்போய் யூஹானிடம் என்ன சொல்வது? அவ கீழ இருக்கா, நாளைக்கு இன்னொருத்தனோட போறா என்று சொல்லவா? அப்படிச் சொல்லாமல் ஆளையே கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்று தோன்றியது.

யூஹானின் அஸ்தி மாடத்துக் கதவைத் திறந்தேன். படத்தைத் துடைத்தேன். ஊதுபத்தி ஏற்றி இவன் கையிலும் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் மெழுகுவத்தி மாதிரி பிடித்துக்கொண்டான். யூஹானிடம் நான், "இவந்தான். நல்லா பாத்துக்கோ" என்றேன். அதற்குமேல் அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. நான் நினைத்ததைவிடச் சின்னதாக முடிந்துவிட்டது.

பிறகு இவன் பக்கம் திரும்பினேன். இவனிடம்தான் நிறையப் பேசினேன். இவனுக்கு ஒன்றும் புரியாது என்று தெரிந்ததால்தான் பேச முடிந்தது. வேலை அதிகமாகிவிட்டால் அவள் சாப்பிட மறந்துவிடுவாள், கேட்டால் சாப்பிட்டேன் என்று பொய் சொல்வாள், பாத்திரத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். கோபம் வந்தால் கத்த மாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள், அப்போது அவளைத் தனியாக விடாதே, பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது வேலை செய்துகொண்டிரு, அவளாகவே வருவாள் என்றேன். யூஹான் போன ராத்திரி அவள் அழவில்லை, என் சட்டைக்கு அறுந்த பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள் என்றேன். உனக்கு ஒரு தலைவலி வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போ, சின்ன விஷயம் என்று இருந்துவிடாதே, என் மகன் இருந்துவிட்டான் என்றேன். கடைசியாக, அவளுக்கு முன்னால் நீ போகக் கூடாது என்றேன். அது யார் கையிலும் இல்லாத விஷயம் என்று தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். எதுவும் புரியாமல் எல்லாவற்றுக்கும் சரி என்றான். வெளியே வந்து குடையை அவன் பிடித்தான். மொத்தமும் என் பக்கமே பிடித்துக்கொண்டு இறங்கினான். சாய்த்துப் பிடி என்று சைகை காட்டினேன், அதற்கும் தலையாட்டிவிட்டு அப்படியே பிடித்தான். அப்போதுதான் எனக்குக் கண் கலங்கியது. அதுவரைக்கும் இல்லை.

இப்போது உனக்கு ஒரு வேலை. நான் சொன்னதை எல்லாம் அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல். ஒத்துக்கொண்டது என்னென்ன என்று அவனுக்குத் தெரிய வேண்டும் இல்லையா?

இன்னொன்று. திரும்பும்போது நீ ஓட்டினாய், நாங்கள் ரெண்டு பேரும் பின்னால். நெடுஞ்சாலை ஏறியதுமே அவன் தூங்கிவிட்டான், தலை என் தோளில் விழுந்தது. கனமான தலை. நீ கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எழுப்பிவிடுங்கப்பா" என்றாய். காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். விமான நிலையம் வருகிறவரைக்கும் அசையவில்லை.

தோள் இன்னும் வலிக்கிறது. இதை மட்டும் அவனுக்கு மொழிபெயர்க்காதே.

அப்பா